தாய்மாமன் சீர்: கயிறா வெள்ளியா, காப்பா வசம்பு வளையலா?

அக்காவுக்குப் பெண் பிறந்து 18 நாளாகிறது. 30-ஆம் நாள் தொட்டில் போடுகிறார்கள். தாய்மாமன் நான்தான் என்பதால் அம்மா ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்: இடுப்புக்குக் கொடி, கைக்குக் காப்பு, காலுக்குத் தண்டை, கழுத்துக்கு "சின்னதா ஒரு செயின்". அக்கா தனியாக வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள், அது முழுக்கப் பூ வைத்த ஹேர்பேண்ட். மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கியதில் ஒன்று புரிந்தது. எல்லாக் கடைக்காரரும் டிசைனைத்தான் காட்டுகிறார்கள், பூட்டைக் காட்டச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் குழந்தை நகையில் முதலில் பார்க்க வேண்டியது பூட்டுதான். எது கழன்று விழும், விழுந்தது வாய்க்குள் போகுமா, இறுகினால் நான் சட்டென்று கழற்ற முடியுமா? இந்த மூன்று கேள்வியை வைத்துத்தான் கீழே இருப்பதெல்லாம்.

இடுப்பில் தொடங்குகிறேன். கறுப்பு அரைஞாண் கயிறு, வெள்ளிக் கொடி, இரண்டில் எது? அழகில் வெள்ளிதான், சந்தேகமில்லை. அதிலும் அரசிலை தொங்கும் கொடியைப் பார்த்தால் எனக்கே ஆசை வந்தது. ஆனால் தினமும் டயப்பர் போடும் குழந்தைக்கு அந்த எலாஸ்டிக் விளிம்பு கொடியை அமுக்கும், வளையம் வளையமாகத் தோலில் அச்சு விழும். கயிற்றுக்கு வேறு பிரச்சினை. குளிப்பாட்டியபின் ஈரம் அதிலேயே நிற்கும், கோடைக்காலம் என்றால் அந்தக் கோட்டிலேயே சிவந்து தடித்துவிடும், புதுக் கயிற்றில் சாயமும் இறங்கும். அப்படியிருந்தும் முதல் ஆறு மாதத்துக்கு நான் கயிற்றின் பக்கம். காரணம் ஒன்றுதான், இறுகினால் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. பிறந்த எடை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, ஒரு வயதில் மூன்று மடங்கு. 30-ஆம் நாள் கட்டிய முடிச்சு நாலாம் மாதம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி கட்ட வேண்டும், மாதம் ஒருமுறை புதுக் கயிறு மாற்ற வேண்டும். வெள்ளிக் கொடி விசேஷ நாளுக்கு.

கை விஷயத்தில்தான் அம்மாவுக்கும் எனக்கும் நிஜமாகவே சண்டை. சீட்டில் காப்பு என்று இருந்தாலும் அம்மா கேட்டது வசம்பு வளையல். வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கி, இடையிடையே கருகமணி கோத்துக் கட்டுவது. "பிள்ளை வளர்ப்பான்னு பேரே இருக்குதடா தம்பி, உனக்கும் அதைத்தான் கட்டினேன்" என்றார். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, குண்டுக் கைக்குக் கறுப்பு எடுப்பாகத் தெரியும், திருஷ்டிக்கும் ஆயிற்று. ஆனால் மூன்று மாதமானால் கை எங்கே போகும்? வாய்க்கு. வசம்பு சும்மா வாசனைக்கட்டை இல்லை, பீட்டா அசரோன் என்ற பொருள் அதில் இருக்கிறது, நம் நாட்டு வசம்பில் அது அதிகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1968-லேயே இதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டது. அந்தக் கட்டையை நாள் முழுக்கச் சப்பக் கொடுப்பானேன்?

வசம்பை விட்டாலும் மணி இருக்கிறது. அத்தை பேரனுக்குக் கட்டிய வளையலில் நூல் அறுந்து, ஒரு கருகமணி அவன் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வாய் திறந்து சிரித்ததால் தெரிந்தது, எடுத்துவிட்டார்கள். சிரிக்காமல் விழுங்கியிருந்தால்? மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பொருள்கூட ஆபத்துதான், கருகமணியெல்லாம் எம்மாத்திரம்.

எதிர்ப்பக்கம் வெள்ளிக் காப்பு. நான் வாங்கியது இதைத்தான். மணி இல்லை, முத்து இல்லை, வழவழவென்று ஒரே கம்பி, இரண்டு முனையிலும் மொட்டு, நடுவில் இடைவெளி. கை பெருக்கப் பெருக்க விரித்துக்கொள்ளலாம். வாங்கும்போது மொட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், கீறுகிற மாதிரி இருந்தால் வேண்டாம், தூக்கத்தில் குழந்தை முகத்தைத் தேய்க்கும்போது கோடு போட்டுவிடும். 92.5 சதவீத வெள்ளி என்றால் மீதி ஏழரை சதவீதம் பெரும்பாலும் செம்பு, அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் நிக்கலும், வெள்ளி துளியும் கிடையாது. நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலில் அரிப்பும் சிவப்பும் வரும். சீர்த்தட்டில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி மின்னும் என்பதுதான் கொடுமை. பில்லில் வெள்ளி என்று எழுதித் தரச் சொன்னேன். ஒரு கடையில் தயங்கினார்கள், அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

(காப்பு கறுத்தால் குழந்தைக்குச் சூடு என்பார்கள். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்கிறது, குழந்தையை விளக்கெண்ணெயில் ஊற வைக்க வேண்டாம்.)

இதைவிட மோசமானது சாலையோரத்தில் தொங்கும் ஃபேன்சி வளையல், செயினில் கோக்கும் டாலர் வகையறா. 2006-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நான்கு வயதுப் பையன் ஒருவன், ஷூவோடு இலவசமாக வந்த இதய வடிவ டாலரை விழுங்கி இறந்துபோனான். அடைத்து இல்லை, ஈயம் ஏறி. அந்த டாலரில் 99 சதவீதம் ஈயம். வெளியே பளபளவென்று பூச்சு இருந்தால் உள்ளே என்ன உலோகம் என்று கண்ணுக்குத் தெரியாது.

காலுக்கு வருவோம். கொலுசா, தண்டையா? காலில்தானே கிடக்கிறது என்று நினைத்தேன், அக்காதான் சொன்னாள்: "டேய், ஆறு மாசத்துல கால் கட்டை விரலே வாய்க்குள்ளதான் இருக்கும்." உண்மை. கொலுசின் சலங்கைகள் மெல்லிய கம்பி வளையத்தில்தான் தொங்குகின்றன, கொக்கி துணியில் மாட்டி இழுத்தால் வளையம் வாய் பிளந்துவிடும். தண்டையில் மணிகள் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், சத்தம் மட்டும் வெளியே வரும், அதனால் தண்டைக்கே என் ஓட்டு. குழாய் முனையின் பற்றவைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். விளக்கு மின்னும் கால்பட்டை என்று ஒன்று விற்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும், விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

கழுத்துக்கு ஒப்பீடே இல்லை. தங்கச் செயின், தாயத்துக் கயிறு, பல் முளைக்கும்போது வலி தீர்க்கும் என்று ஆன்லைனில் விற்கும் ஆம்பர் மணிமாலை, எதுவும் வேண்டாம். 18 மாதக் குழந்தை ஒன்று பகல் தூக்கத்தில் ஆம்பர் மாலை இறுக்கி இறந்ததைச் சொல்லித்தான் 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. அந்தக் காலத்தில் சங்கு, சக்கரம், வாள், வில், கதாயுதம் கோத்து ஐம்படைத்தாலி போட்டார்களே என்று அம்மா கேட்டார். போட்டார்கள், அப்போது தொட்டிலைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருந்திருப்பார்கள். அக்கா வீட்டில் பகலில் அவள் ஒருத்திதான். கடைசியில் சமரசம்: செயின் உண்டு, போட்டோ எடுக்கும் பத்து நிமிடம் மட்டும், அதுவும் யாராவது மடியில் வைத்திருக்கும்போது.

தலைக்கு ஹேர்பேண்ட், கிளிப் இரண்டில் கிளிப் வேண்டவே வேண்டாம், மாட்டுவதற்குத் தலையில் முடி எங்கே இருக்கிறது? பேண்டில் எலாஸ்டிக் நூல் வகையை விட்டுவிட்டு அகலமான பனியன் துணி வகையை எடுத்தேன். கழற்றியதும் நெற்றியில் கோடு தெரிந்தால் அது இறுக்கம். தளர்வானதும் சிக்கல்தான், நழுவி மூக்கை மூடிக்கொள்ளும். தூங்கும்போதும் காரிலும் கழற்றிவிட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன், இரண்டு முறை. பூவை ஒட்டாமல் தைத்திருக்கிறார்களா என்றும் இழுத்துப் பாருங்கள், பசை போட்ட முத்து என் கையோடு வந்துவிட்டது.

மை, பொட்டு? வீட்டில் ஜவ்வரிசி கருக்கிச் செய்கிற சாந்துப் பொட்டு கன்னத்திலோ உள்ளங்காலிலோ இருக்கட்டும். கண்ணுக்குள் எதுவும் கூடாது, சுர்மா என்கிற கண்மை வகைகள் பலவற்றில் ஈயம் இருக்கும்.

காது குத்துவதை மட்டும் தள்ளிப் போட்டாயிற்று. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளில் டெட்டனஸ் எனும் ரண ஜன்னிக்கானதும் சேர்ந்திருக்கிறது, மூன்றும் முடியாமல் எந்த ஊசியும் காதுப் பக்கம் வரக்கூடாது என்றேன். அம்மா அதற்கு உடனே ஒத்துக்கொண்டார், 11-ஆம் மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டையோடு சேர்த்து. கம்மல் தங்கத்தில், திருகாணி போட்டது, பின்பக்கம் குத்தாத தட்டையான மூடி, இப்போதே பத்தரிடம் சொல்லியாயிற்று. மடி என்னுடையதுதான். அன்று யார் அதிகம் அழுவார்கள் என்று அக்காவும் மாமாவும் இப்போதே பந்தயம் கட்டியிருக்கிறார்கள், இரண்டு பேரும் என் பெயரைத்தான் சொன்னார்களாம்.