தம்பலகாமத்து மில்லில் புதிருக்குப் புது அரிசி

திருகோணமலைப் பக்கம் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில்தான் மும்முரமாக நடக்கும். ஜனவரி 14, 15இல் பெரும்பாலான வயல் முற்றியிருக்காது. அதனால் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பழைய அரிசிதான். தைப்பூசத்தில் புது அரிசி பொங்கிப் படைத்துச் சாப்பிடுகிற புதிருக்கு மட்டும் பழையதைப் போட எனக்கு மனம் வராது.

அதுக்காகவே தம்பலகாமத்தில் வயலோரம் இருக்கிற ஒரு சின்ன மில்லுக்குப் போகிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லு. முந்தி விதைத்த வயல்களில் அறுத்து வந்ததை முதலாளி தனியாகக் காயவைத்து, அவிக்காமல், அதிகம் தீட்டாமல் குத்தித் தருவார். பச்சைப்பெருமாள் என்கிற சிவப்பரிசியைக் கேட்டு வாங்குங்கள். "அக்கா, புது அரிசி, தண்ணியைக் குறைச்சு விடுங்கோ" என்று சொல்லித்தான் கட்டுவார். உண்மைதான், பழைய அரிசிக்கு விடுகிற அளவு விட்டால் குழைந்து கஞ்சியாகிவிடும்.

அள்ளினால் சிவந்த தவிடு விரலில் ஒட்டும். முதல் கொதியிலேயே புதுநெல்லு மணம் எழும்பும். வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விழுந்த பிறகும் அது போகாது. பைக்கற் அரிசியில் இந்த மணத்தை நான் கண்டதே இல்லை.

குறையும் இருக்கு. கல் கிடக்கும், அரித்துத்தான் போடவேணும். 5 கிலோவுக்குக் குறைத்துத் தரமாட்டார்கள். தனியாக இருக்கிற வயதான ஆக்களுக்கு அது வீண். ஒரு கிலோப் பையும் கட்டிவைத்தால் எவ்வளவு உதவி!

கந்தளாயிலிருந்து சிங்களச் சனமும் இங்கே வருவார்கள். அனுராதபுரம் ஶ்ரீ மகா போதிக்குப் புத்தரிசி படைக்கும் விழா அவர்களுடையது. கொரியாவில் வேலை செய்கிற என் தம்பியும் இதையே சொல்வான்: அங்கே எட்டாம் சந்திர மாதத்துப் பூரணையில் சுசொக் என்கிற அறுவடைத் திருநாள். புது அரிசி மாவைப் பிறை வடிவில் பிடித்து, பைன் ஊசியிலையில் அவித்து, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவார்களாம். எங்கே பார்த்தாலும் படையலுக்கு அந்த வருசத்து விளைச்சலைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அது நல்லாய் விளங்குகிறது. நன்றி சொல்லப் போகிற இடத்துக்குப் போன வருசத்து அரிசியையா கொண்டுபோவது?

பூசத்துக்கு ஒரு கிழமை முந்தியே சொல்லிவையுங்கள், கடைசி நாளில் கிடைக்காது. புதிர்ப் பொங்கலுக்குச் சிவப்பு எடுங்கள். மோதகத்துக்கு மா இடிப்பதென்றால் அவர்களின் வெள்ளைப் பச்சையரிசிதான் நல்லது.