தட்டில் வெட்டிய கடலை மிட்டாயும் கூரியரில் வந்த கடலை மிட்டாயும்

சென்னையில் இருந்தபடியே கடந்த மாதம் இணையத்தில் அரைக் கிலோ கோவில்பட்டி கடலை மிட்டாய் வரவழைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனபோது, சிறு வயதில் வாங்கித் தின்ற கடையிலேயே இன்னுமோர் அரைக் கிலோ வாங்கினேன். இரண்டு உறைகளிலும் ஊர்ப்பெயர் ஒன்றுதான் என்றாலும், உள்ளே இருந்தவை இருவேறு பண்டங்கள்.

கடையில் வாங்கியது அன்று காலை போட்டது. கரிசல் காட்டுக் கடலையை வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, வெல்லப்பாகில் கிளறித் தட்டில் கொட்டிச் சமன் செய்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போடுகிறார்கள். பாகின் பதம்தான் இதில் எல்லாம். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, அது இறுகும் விதத்தைக் கொண்டே முடிவு செய்வார்கள். பதம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். இந்தக் கடையில் வாங்கியது கடித்தவுடன் முறிந்தது. இனிப்புக்கு முன்பாகக் கடலையின் வறுவல் மணம் நாக்குக்கு வந்தது.

என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்த்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும்போது இதே கடையின் பொட்டலம் ஒன்று கையில் இருக்கும். மேலே தூவியிருக்கும் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் தேங்காய்ப்பூவை முதலில் நான் சுரண்டித் தின்றுவிடுவதால், மொட்டையான துண்டுகள் தங்கையின் பங்குக்குப் போகும். அதற்காக வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. அந்தத் தேங்காய்ப்பூவுக்குப் பெரிய சுவை ஒன்றும் கிடையாது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது இல்லாத கடலை மிட்டாயை எங்கள் ஊர் மிட்டாயாக ஏற்க மனம் வருவதில்லை.

கூரியரில் வந்ததில் தேங்காய்ப்பூ இல்லை. சேர்மானப் பட்டியலில் வெல்லத்துக்கு அடுத்ததாகக் குளுக்கோஸ் சிரப் இருந்தது. துண்டுகள் அச்சில் வார்த்ததைப் போல் ஒரே அளவாகவும், வெறும் தித்திப்பாகவும் இருந்தன. சில கடலைகளில் லேசான காறல் வாடையும் அடித்தது. 2020ஆம் ஆண்டில் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு, ஒரு பண்டம் இன்ன ஊருக்கு உரியது என்று காட்டும் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான் என்றாலும், ஊர்ப்பெயரைப் பார்த்தே பணம் கட்டிய எனக்கு இது ஏமாற்றம்.

விலையில் பெரிய வேறுபாடு இல்லை. அனுப்பும் செலவைச் சேர்த்தால்தான் இணையத்தில் வாங்கியது கூடுதலாகிறது. வாங்க விரும்புவோர் கோவில்பட்டி வழியாகப் போகும் போது இறங்கி, என்றைக்குப் போட்டது என்று கேட்டு, கால் கிலோ மட்டும் வாங்குவது நல்லது. வெல்லம் ஈரத்தை இழுப்பதால், மழைக்காலத்தில் பொட்டலத்தைப் பிரித்த கையோடு இறுக்கமான மூடியுள்ள சம்படத்தில் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டுச் சம்படத்தில் இப்போது மிச்சமிருப்பது கூரியரில் வந்தது மட்டுமே.