நியூட்ரல் கற்றுத்தந்த பாடம்: அல்சூர் வீட்டில் சோலார் இன்வெர்ட்டருடன் மூன்று ஆண்டுகள்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மொட்டைமாடியில் 540 வாட் சோலார் பேனல்கள் ஆறும், படிக்கட்டுக்கு அடியில் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டரும், 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் பொருத்தி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. பார்க்க வரும் உறவினர்கள் எல்லாரும் பேட்டரி எந்தக் கம்பெனி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வீட்டு ஒயரிங்கை எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. எங்களைப் படாத பாடு படுத்தியது அதுதான்.

பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு (தெருவிலிருந்து வரும் பொது மின் இணைப்போடு) மட்டும் இணைந்த சோலார், கரண்ட் போன நொடியில், உச்சி வெயிலடித்தாலும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஏப்ரல், மே மாதங்களின் கோடைமழையில் கிளை முறிந்து விழுந்து கரண்ட் போகும் தெரு எங்களுடையது என்பதால் அப்போதும் பேட்டரியைக் கொண்டு ஓடும் ஹைபிரிட்டைத் தேர்ந்தெடுத்தோம். விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ், வைஃபை ஆகியவற்றை, இன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் பெறும் புதிய பேக்கப் பெட்டிக்கு மாற்றி, கீசரையும் ஏசியையும் சம்ப் மோட்டாரையும் பழைய பெட்டியிலேயே விட்டோம்.

முதல் நாளே, கூடத்து விளக்கைப் போட்டதும் பேக்கப் பெட்டியின் ஆர்.சி.சி.பி. (போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) விழுந்தது. அதைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார் எலக்ட்ரீஷியன். நான் ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் ஒயரிங் செய்தவர், கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் சேர்த்து ஒரே நியூட்ரலை, அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் ஒயரை, இழுத்திருந்தார். இப்போது மின்சாரம் வரும் பேஸ் ஒயர் மட்டும் புதிய பெட்டிக்கு வந்திருக்க, நியூட்ரல் பழைய பெட்டியிலேயே தங்கிவிட்டதால், இன்வெர்ட்டர் வழியாகப் போன மின்னோட்டம் வேறு வழியில் திரும்பியது. 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்கே விழ வேண்டிய கருவி விழாமல் என்ன செய்யும்? நியூட்ரல் ஒயர்களை எல்லாம் பெட்டிக்குள் அவை ஒன்றுசேரும் பட்டையிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தேடிப் பிரிக்க இரண்டு நாள் பிடித்தது. ஆர்.சி.சி.பி.யை எடுத்திருந்தால், கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் கிரிட்டின் நியூட்ரலையும் துண்டித்துவிட, கூடம் எப்படியும் இருட்டாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றைச் சில மாதங்கள் கழித்தே கவனித்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் டெஸ்டரை வைத்தால் பேஸிலும் நியூட்ரலிலும் மங்கலாக எரிந்தது. பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் அமைப்பு எங்கள் இன்வெர்ட்டரில் இருந்தும், நிறுவியவர்கள் அதை இயக்கவில்லை. அந்த இணைப்பு இல்லாவிட்டால், கசிவு ஏற்பட்டாலும் மின்னோட்டம் திரும்ப வழியில்லை, ஆர்.சி.சி.பி.யும் விழாது. அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒழுங்காக விழும், ஏனெனில் அந்தச் சோதனைக்கு எர்த் தேவையே இல்லை. இதை நம்பித்தான் நானும் ஏமாந்திருந்தேன்.

பேட்டரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்பிருந்த டியூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய வேலை ஒழிந்தது. இருபது சதவீதம் வரை இறக்கினால் சுமார் நான்கு யூனிட் கிடைக்கிறது. ஓர் இரவைத் தாராளமாகக் கடந்துவிடலாம். ஜூலை, ஆகஸ்ட் மேகமூட்டத்தில் பேனல்களின் உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடுவதால், அந்த மாதங்களில் பேட்டரி ஐம்பது சதவீதத்துக்குக் கீழே அன்றாடச் செலவுக்கு இறங்காதபடி அமைத்து வைக்கிறேன். எதிர்பாராத செலவு, இன்வெர்ட்டர் தனக்கென்று இரவும் பகலும் எடுத்துக்கொள்ளும் ஐம்பது வாட்: மாதத்துக்கு 36 யூனிட்.

இரண்டாம் ஆண்டில் இன்வெர்ட்டரின் போர்டு பழுதாகிப் பதினொரு நாள் சர்வீசுக்குப் போயிருந்தது. அடம்பிடித்து வைக்கச் சொன்ன சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருந்ததால், பேக்கப் பெட்டியை நேரடியாகக் கிரிட்டுக்குத் திருப்பிச் சமாளித்தோம். அந்த இடைவெளியில் பேட்டரி கேபிளைப் பார்த்தபோது, ஒரு லக்கின் (கேபிள் முனையை இணைக்கும் உலோகத் துண்டின்) அருகே உறை பழுப்பேறியிருந்தது. மூன்று கிலோவாட் சுமையில் அதன் வழியே அறுபது ஆம்பியர் ஓடும்; சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் அதைத் தாங்காது. ஹைட்ராலிக் கருவியால் புதிய லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்த பிறகு, முழுச் சுமையில் தொட்டுப் பார்த்தாலும் அந்த இடம் சூடாவதில்லை.