இந்தியாவில் கார் ஓட்ட "ஐந்து வருட சர்வதேச லைசன்ஸ்": வாங்கி ஏமாற வேண்டாம்

கொழும்பிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சென்று, அங்கே வாடகைக் காரைத் தாமே ஓட்ட எண்ணியிருப்பவர்களிடம், ஐந்து வருடம் செல்லுபடியாகும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை வீட்டுக்கே அனுப்பி வைப்பதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால், தயவுசெய்து கொடுக்க வேண்டாம். வெள்ளவத்தையில் இயங்கும் பயண முகவர் ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு அப்படியொன்றை விற்றார்.

திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் வழியாக வேளாங்கண்ணிக்கும் பின்னர் மதுரைக்கும் போவதற்கு ஒரு காரை முன்பதிவு செய்திருந்தோம். கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருந்தது. இலத்திரனியல் விசாவும் ஒழுங்காகவே வந்திருந்தது. ஆனால், வாடகை நிறுவனத்தின் பணியாளர், முகவர் தந்த பிளாஸ்டிக் அட்டையைத் திருப்பி, இது சாரதி அனுமதிப்பத்திரத்தின் மொழிபெயர்ப்பே தவிர அரச ஆவணம் அல்ல என்று பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததை வாசித்துக் காட்டிவிட்டு, காரைத் தர மறுத்துவிட்டார். முன்புறத்தில் உலக உருண்டையும் பளபளக்கும் முத்திரையும் இருந்தன. அச்சு வேலையில் மட்டும் குறை சொல்ல இடமில்லை. முற்பணத்தில் ஒரு பகுதியும் போயிற்று.

அவர் மறுத்தது முறையே. இலங்கையும் இந்தியாவும் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடுகள். அதன் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் சாம்பல் நிற அட்டையுள்ள கடதாசிப் புத்தகம். புகைப்படமும் ஓட்ட அனுமதிக்கப்பட்ட வாகன வகுப்புகளும் அதில் இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே, ஐந்து வருடம், பத்து வருடம் என்ற பேச்சு வந்தவுடனேயே அது பொய் என்று முடிவு செய்துவிடலாம். இலங்கையில் இதனை வழங்குவது, கொள்ளுப்பிட்டியில் காலிமுகத் திடலுக்கு அண்மையில் உள்ள, 1904இல் தொடங்கப்பட்ட ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தந்த மூல அனுமதிப்பத்திரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. பெரிய குடும்பமாகச் செல்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பி வகுப்பு, சாரதியைத் தவிர எட்டு இருக்கைகள் வரையுள்ள வாகனத்துக்கே பொருந்தும் என்பதால், அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் ஏறும் டெம்போ டிராவலரை ஓட்ட முடியாது.

நாங்கள் திகைத்து நின்றபோது, ஆவணம் எதுவும் கேட்காமல் தன் சொந்தக் காரைத் தருவதாக வெளியே ஒருவர் முன்வந்தார்; அதன் இலக்கத்தகடு வெள்ளை நிறத்தில் இருந்தது. இந்தியாவில் தாமே ஓட்டுவதற்காக முறையாக வாடகைக்கு விடப்படும் கார்களுக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும்; வெள்ளைத் தகடு தனியார் பாவனைக்கு உரியது. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டினால் 5,000 இந்திய ரூபா தண்டமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அந்நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடப் பாரதூரமானது, விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம் என்பதுதான். எனவே சாரதியுடன் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு பயணத்தை முடித்தோம்.

கொழும்பு திரும்பிப் பணத்தைக் கேட்டபோது, முகவர் பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார். அதில் "ஆவண மொழிபெயர்ப்புக் கட்டணம்" என்றே எழுதப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரம் விற்றதாகத் தாம் எங்கும் எழுதவில்லை என்பது அவருடைய வாதம். ஆனால், அவர் கைபேசிக்கு அனுப்பிய விளம்பரத்தில் "சர்வதேச லைசன்ஸ்" என்று தெளிவாகவே இருக்கிறது. அந்த விளம்பரத்தையும் பற்றுச்சீட்டையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்துள்ளோம். இதே அட்டையை வாங்கியவர்கள் விளம்பரத்தை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தெரிவிக்கலாம்.