சிறிய டிசி மோட்டாரின் வேகத்தை மாற்ற எது சரி: ரீவைண்டிங்கா, வோல்ட்டேஜா, கியரா?

கையில் ஒரு சின்ன டிசி மோட்டார். உள்ளே நிலைக்காந்தம், மூன்று பல்லிலும் கம்பிச் சுருள் (காயில்) சுற்றிய சுழலும் பகுதியான ஆர்மேச்சர், காயில் முனைகள் சேரும் உலோகத் துண்டுகளான கம்யூட்டேட்டர், அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் இரண்டு பிரஷ். வேகம் போதவில்லை, அல்லது அதிகமாக இருக்கிறது. உடனே பலருக்கும் தோன்றுவது, பிரித்துக் கம்பியை மாற்றிச் சுற்றிவிடலாம் என்பதுதான். எனக்கு ரீவைண்டிங் பிடித்த வேலை. ஆனாலும் பெரும்பாலான நேரங்களில் அதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன்.

காரணம் மோட்டார் சுழலும் விதத்திலேயே இருக்கிறது. ஆர்மேச்சர் சுழலும்போது அதன் காயிலில் ஒரு எதிர் மின்னழுத்தம் உருவாகிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடி, கொடுக்கும் வோல்ட்டேஜை நெருங்கும்போது வேகம் நிலைபெறுகிறது. சுற்று அதிகமாக இருந்தால் எதிர் மின்னழுத்தம் குறைந்த வேகத்திலேயே அந்த அளவுக்கு வந்துவிடும். சுற்று குறைந்தால் மோட்டார் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். ஆக, சுமையில்லா வேகம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்திலும், சுற்று எண்ணிக்கைக்கும் காந்த வலிமைக்கும் எதிர் விகிதத்திலும் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 6 வோல்ட் மோட்டார், பல் ஒன்றுக்கு 0.15 மி.மீ. கம்பியில் 120 சுற்று, பிரஷ் முனைகளுக்கிடையே 3 ஓம், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டைப் பிடித்து நிறுத்தினால் 2 ஆம்பியர் இழுக்கும். இதை 13,500-க்குக் கொண்டுபோக வேண்டும்.

ரீவைண்டிங் வழியில் சுற்றை 80 ஆகக் குறைக்கிறோம். காலியாகும் இடத்தை நிரப்பத் தடித்த கம்பி, 0.18 மி.மீ. போடலாம். மின்தடை 3 ஓமிலிருந்து சுமார் 1.33 ஓமுக்கு இறங்கும். நின்ற நிலையில் 4.5 ஆம்பியர், இழுவை, அதாவது தண்டைச் சுழற்றும் பலம் (டார்க்), பழையதைப் போல ஒன்றரை மடங்கு. வோல்ட்டேஜ் வழியில் மோட்டாரைத் தொடாமல் 9 வோல்ட் கொடுக்கிறோம். அதே 13,500. நின்ற நிலையில் 3 ஆம்பியர், இழுவை அதே ஒன்றரை மடங்கு. உள்ளே போகும் மின்திறன் இரண்டிலும் 27 வாட்தான், வித்தியாசமே இல்லை.

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதே இடத்தை அதே அளவு செம்பால் நிரப்பினால் மோட்டாரின் அடிப்படைத் திறமை மாறுவதில்லை. ஒரே இழுவைக்கு ஒரே அளவு சூடுதான். எந்த வோல்ட்டேஜில் எந்த வேகம் என்பது மட்டுமே மாறுகிறது. சொல்லப்போனால் வோல்ட்டேஜை ஏற்றும் வழி பிரஷுக்குக் கொஞ்சம் இதமானது. 4.5 ஆம்பியருக்குப் பதில் 3 ஆம்பியர்தான் அதன் வழியே போகிறது. மெல்லிய உலோக இலை பிரஷ் உள்ள மோட்டார்களில் இது பெரிய விஷயம். கூடுதல் மின்னோட்டத்தில் அந்த இலை தீய்ந்து வளைந்துவிடும்.

பழைய 0.15 கம்பியிலேயே 80 சுற்று போட்டால் என்ன? வேகம் அதே 13,500 வரும். ஆனால் மின்தடை 2 ஓம், இழுவை பழைய அளவிலேயே நின்றுவிடும், காலி இடம் வீணாகும். சுற்றைக் குறைப்பதானால் கம்பியைத் தடிப்பாக்கியே ஆக வேண்டும்.

அப்படியென்றால் ரீவைண்டிங் எப்போது நியாயம்? பேட்டரியை மாற்றவே முடியாதபோது. பெட்டிக்குள் இன்னொரு செல்லுக்கு இடமில்லை, மற்ற சர்க்யூட் எல்லாம் 6 வோல்ட்டில் ஓடுகிறது, வேகமும் கூட வேண்டும் என்றால் அது சரியான பதில். அப்போதும் கூடுதல் மின்னோட்டத்தைப் பேட்டரி தாங்குமா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, தண்டில் ஃபேன் அல்லது புரோப்பெல்லர் இருந்தால் அதைச் சுழற்றத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படி விகிதத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. சுற்றைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிப்பாகும் என்ற கணக்கு அங்கே பலிக்காது.

வேகத்தைக் குறைப்பது வேறு கதை. சும்மா மெதுவாக ஓடினால் போதும் என்றால் பிடபிள்யூஎம்தான் சுலபம். அதில் ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச் போல மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கிறது. மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு கட்டாயம் வேண்டும், இல்லையேல் மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் காயில் தரும் வோல்ட்டேஜ் உதைப்பில் டிரான்சிஸ்டர் போய்விடும். கீச்சொலி தொல்லை தந்தால் அதிர்வெண்ணை 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றினால் காதுக்குக் கேட்காது. தொடரில் ரெசிஸ்டர் போடுவதை மட்டும் தவிருங்கள். சுமை ஏறியவுடன் வேகம் படுத்துவிடும்.

மெதுவாகவும் வேண்டும், பலமாகவும் வேண்டும் என்றால் கியர்தான், மறுபேச்சே இல்லை. இதற்காக மெல்லிய கம்பியில் அதிக சுற்று போடுபவர்களைப் பார்க்கிறேன். 0.12 கம்பியில் 180 சுற்று போட்டால் வேகம் 6,000-க்கு இறங்கும், ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவையும் கூடும். ஆனால் மின்தடை 6.75 ஓமுக்கு ஏறிவிடுவதால் 6 வோல்ட்டில் நின்ற நிலை இழுவை மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. பழைய மோட்டாருக்கு 4 வோல்ட் கொடுத்தாலும் இதேதான் நடக்கும். 3:1 கியரோ வேகத்தை மூன்றில் ஒன்றாக்கி, உராய்வில் போவது போக இழுவையை ஏறக்குறைய மூன்று மடங்காக்கும். மோட்டாரும் தனக்குப் பிடித்த வேகத்திலேயே ஓடும்.

காந்தத்தை மாற்றுவதும் ஒரு வழிதான். வலிமையான நியோடிமியம் போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும். ஆனால் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமை இழக்கத் தொடங்கும். அளவுக்குப் பொருந்தும் வளைந்த காந்தம் கிடைப்பதும் லேசில்லை.

சரி, ரீவைண்டிங்தான் என்று முடிவாகிவிட்டால், பழைய கம்பியை அறுத்துப் போடாதீர்கள். ஒரு பல்லை மட்டும் எண்ணிக்கொண்டே அவிழுங்கள். சுற்றிய திசையையும், எந்தப் பல்லின் முனை எந்தக் கம்யூட்டேட்டர் துண்டுக்குப் போகிறது என்பதையும் படமாக வரைந்துகொள்ளுங்கள். மூன்றையும் ஒரே திசையில் சுற்றி, ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே துண்டில் சேரும்படி பற்றவைக்க வேண்டும். மூன்றுமே தலைகீழானால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் தலைகீழானால் உதறும், சூடேறும். முனைகளில் கம்பியின் காப்புப் பூச்சான எனாமலைச் சுரண்டி, ஈயம் பூசி, பற்றவைப்பைச் சட்டென்று முடியுங்கள். கம்யூட்டேட்டரின் பிளாஸ்டிக் அதிக நேரம் சூடு தாங்காது.

மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். முதலில் இரண்டு புரோபையும் ஒட்டி வைத்து அதன் சொந்தத் தடையைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். பின்பு துண்டுகளை இரண்டிரண்டாக அளந்தால், ஒரு காயிலின் தடையில் மூன்றில் இரண்டு பங்கு மூன்று ஜோடியிலும் ஒரே மாதிரி வர வேண்டும். நம் 80 சுற்று ஆர்மேச்சரில் அது 1.33 ஓம். இரண்டு ஜோடியில் 2 ஓமும் ஒன்றில் 4 ஓமும் காட்டினால் ஒரு காயில் எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் எனாமல் சரியாகப் போகாத முனையில். கம்பிக்கும் தண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால், பல்லின் கூர்மையான ஓரம் எனாமலைக் கீறிவிட்டது என்று அர்த்தம். அந்த ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து மறுபடி சுற்ற வேண்டியதுதான்.