டாவின்சி ரிசோல்வ்: கலியாண வீடியோவின் கலருக்கு இலவசப் பதிப்பே போதும்

கொழும்பில் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்குத் தெரியும், வெட்டி ஒட்டுவதை விட ஷொட்டுக்கு ஷொட்டு கலரை ஒன்றாக்கத்தான் நேரம் போகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணவறையில் மஞ்சள் லைட், கூரையில் வெள்ளை எல்ஈடி, ஜன்னலால் வெயில், இதற்குள் வேறு வேறு கம்பனியின் இரண்டு கமரா. தாலி கட்டும் நேரம் ஒன்றில் பொம்பிளை மாநிறம், அடுத்த ஷொட்டில் செங்கல் நிறம். இதற்கு நான் துணிந்து சொல்வது டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருள், அதுவும் காசு கொடுக்காமல் கிடைக்கிற பதிப்பு.

டாவின்சி ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டும் இலட்சக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிய மெஷின். 2009இல் அவுஸ்திரேலியாவின் பிளக்மேஜிக் டிசைன் அதைச் செய்த கம்பனியை வாங்கி, பிறகு அதை வெறும் மென்பொருளாக இலவசமாகவும் விட்டது. கலர் பொருத்தத் தேவையானதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

முதலில் எல்லாரும் தேடுகிற ஷொட் மெட்ச். திருத்த வேண்டிய ஷொட்களைத் தெரிவு செய்து, சரியாக இருக்கிற ஷொட்டின் மேல் ரைட் கிளிக் பண்ணிக் கொடுத்தால் தானே பொருத்தும். காலிமுகத்திடலில் பின்னேரம் ஜோடியை வைத்து எடுக்கும்போது சூரியன் இறங்க இறங்க நிறம் மாறிக்கொண்டே போகுமே, அந்த மாதிரி ஒரே பிரேமில் எடுத்தவற்றுக்கு நல்ல ஆரம்பம். ஆனால் கூறைச்சேலை நிறைந்த குளோசப்பை, சபை முழுக்கத் தெரிகிற வைட் ஷொட்டோடு பொருத்தச் சொன்னால் சேலையின் சிவப்பும் கணக்கில் சேர்ந்து முகம் வேறெங்கோ போய்விடும், ஏனென்றால் எது சேலை எது முகம் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில், லுமெட்ரி என்ற கலர் பகுதியில் முகத்தைத் தேடிப் பிடித்துப் பொருத்துகிற தெரிவு உண்டு, அந்த ஒரு விஷயத்தில் அது மேல். அதற்கு டொலரில் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரிசோல்வின் பலம் ஸ்கோப்களில், அதாவது படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபாகக் காட்டுகிறவற்றில் இருக்கிறது. நல்ல ஷொட்டில் ஒரு ஸ்டில் (அசையாப் படம்) எடுத்து வைத்து, திருத்துகிற ஷொட்டின் மேல் வைப் (wipe) போட்டு, திரையில் பாதிக்குப் பாதியாகப் பாருங்கள், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டுகிற பரேட் ஸ்கோப்பிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். முதலில் வெளிச்சத்தைச் சமமாக்குங்கள், அதற்கு முன் நிறத்தில் கை வைத்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்பீர்கள். அப்புறம் இரண்டிலும் இருக்கிற ஒரு வெள்ளைப் பொருளைப் பிடியுங்கள். பட்டு வேட்டி வேண்டாம், அதில் இயல்பாகவே சந்தன நிறம் கலந்திருக்கும். கதிரை உறை, யாருடையதாவது வெள்ளைச் சட்டை நல்லது. நல்ல ஷொட்டில் அந்த வெள்ளையில் சிவப்பு, பச்சை, நீலம் எந்த உயரத்தில் நிற்கின்றனவோ அதே உயரத்துக்கு இங்கேயும் கொண்டுவந்தால் பெரும்பாலான வேலை முடிந்தது.

கடைசியாக முகம். நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வட்டத்தில் காட்டுகிற வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறக் கோடு ஒன்று போடலாம். ஆள் கறுப்போ வெள்ளையோ, மனிதத் தோல் அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தான் விழும், வித்தியாசம் பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவில்தான். அதனால் முகத்தை வெளுப்பாக்கிவிட்டு கலர் சரி செய்தேன் என்று கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. மாநிறப் பிள்ளை தன் கலியாண வீடியோவில் மாநிறமாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது கமராவின் ஷொட்கள் எல்லாவற்றையும் ஒரு குரூப்பில் போட்டு, பொதுவான திருத்தத்தை ஒரே தடவை கொடுக்கவும் முடியும். நீண்ட சடங்குகளுக்கு இது பெரிய உதவி.

குறை என்றால், இருட்டான ஷொட்டை மற்றதற்குச் சமமாகத் தூக்கும்போது நிறம் பொருந்தினாலும் புள்ளி புள்ளியாக நொய்ஸ் வந்து காட்டிக்கொடுக்கும், அதைக் குறைக்கிற கருவி காசு கொடுத்து வாங்குகிற ஸ்டூடியோ பதிப்பில்தான். விலை 295 டொலர், டொலர் 300 ரூபா என்று பார்த்தாலே 88,500 ரூபா, ஆனால் ஒரு தடவை கட்டினால் போதும். இரவுக் கலியாணம் அதிகம் செய்கிறவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. பழைய லப்டொப் வைத்திருக்கிறவர்கள் அதற்கு முதல் கொம்பியூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாஸாவில் மெமரி (RAM) விலையை விசாரியுங்கள், 16 ஜீபீக்குக் குறைந்தால் ரிசோல்வ் திணறும்.