நாலு ரேஸ் கேமும் மாரி மழையும்

ரேஸ் கேம் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மழையில் ஓட விருப்பமா? வெயிலில் எல்லாக் கேமும் நல்ல கேம்தான். கொம்பியூட்டர் ஓட்டும் எதிராளிக் கார்கள் பறந்தால் அவற்றின் திறனைக் கொஞ்சம் குறைக்கலாம், ஊர்ந்தால் கூட்டலாம், கணக்குச் சரிவந்துவிடும். மழை பிடித்த பிறகுதான் அந்தக் கார்கள் அளாப்புகின்றனவா, அதாவது கள்ள ஆட்டம் ஆடுகின்றனவா இல்லையா என்பது வெளியே வரும்.

வன்னியில் இருப்பவனுக்கு மழையில் ஓடிப் பார்க்க நேரத்துக்குக் குறைவில்லை. ஐப்பசியில் பிடித்தால் தை பிறக்கும்வரை மாரிதான். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தாயிற்று என்று செய்தி வரும் நாட்களில் கிளிநொச்சியில் பின்னேரம் வெளியே போய்ச் செய்ய ஒன்றும் இருக்காது. இரண்டாம் கையாக வாங்கிய கொம்பியூட்டர், லொஜிடெக் ஜி29 ஸ்டியரிங், ஒரு பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4), இவற்றில் பல மாரிகளாக மாறி மாறி ஓடியதை வைத்து எழுதுகிறேன். யாரும் எனக்கு ஓசியில் ஒன்றும் தரவில்லை.

முதலில் ப்ரொஜெக்ட் கார்ஸ் 2. 2017இல் வந்தது. தண்ணீரை இவ்வளவு அக்கறையாகச் செய்த கேமை அதற்கு முன் நான் பார்க்கவில்லை. மழை பெய்தால் தடம் முழுக்க ஒரே மாதிரி நனைந்து போவதில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடி, தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. மழை விட்ட பிறகும் அந்தக் குட்டைகள் கிடக்கும், கார்கள் ஓட ஓட நடுவில் ஒரு காய்ந்த கோடு விழும். இங்கிலாந்தின் பிறான்ட்ஸ் ஹட்ஸ் தடத்தில் பாடொக் ஹில் வளைவு ஒரு இறக்கம். அந்த இறக்கத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் முன்சில்லு ஏறினால் ஸ்டியரிங் கையில் சட்டென்று இலேசாகிவிடும். கார் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதைத் திருப்பினாலும் பயனில்லை, காலை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் காத்திருக்கிறேன், பின்னால் வந்த கொம்பியூட்டர் கார் பக்கத்தால் போய்விடுகிறது. அதே குட்டைக்குள்ளால், அதே கியரில்! ஒரு தரம் ரீப்ளேயைப் போட்டு, கமராவை அந்தக் காரின் சில்லுக்குக் கிட்ட வைத்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் தெறிப்பது அழகாகத் தெரிகிறது. காரோ ஒரு முடி அளவு கூட ஆடவில்லை. தண்ணீர் அதற்கு வெறும் அலங்காரம்.

இதற்குக் காரணம் பெரிய இரகசியம் இல்லை. இருபது முப்பது கார்களுக்கும் ரயரின் சூடு, காற்றழுத்தம், தேய்மானம், ஒவ்வொரு சில்லின் கீழும் உள்ள தண்ணீர் என்று முழுக் கணக்கும் போட்டால் வீட்டுக் கொம்பியூட்டர் தாங்காது. அதனால் பல கேம்களில் நம்முடைய காருக்கு முழுக் கணக்கு, மற்றவர்களுக்குச் சுருக்கக் கணக்கு. மழை வந்தால் அவர்களின் பிடிமானத்தை மொத்தமாக ஒரு அளவு குறைத்துவிடுவார்கள். தடம் எங்கும் ஒரே அளவாக நனைந்திருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. அங்கங்கே குட்டை, அங்கங்கே காய்ந்த இடம் என்று வரும்போதுதான் வேறுபாடு வெளித்தெரிகிறது. நான் குட்டையில் வழுக்குகிறேன், அவர் சராசரியில் ஓடுகிறார்.

இன்னொன்றை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மழை ரேஸில் பாதிப் பயம் வழுக்கலில் இல்லை, பார்வையில். முன்னால் போகிறவரின் ரயர் கிளப்பும் பனிப்புகார் போன்ற தண்ணீர்த் தூவலுக்குள் சிவப்பு விளக்கு ஒன்றைத் தவிர ஒன்றும் தெரியாது. கொம்பியூட்டருக்குக் கண் இல்லை. எந்தக் கார் எங்கே நிற்கிறது என்பது அதற்கு எண்ணாகவே தெரியும். பிடிமானத்தில் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இந்த இடத்தில் அது நம்மை வென்றுவிடும். எந்தக் கேமும் இதைத் தீர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எஃப்1 2020 இல் இந்த நோய் வேறு இடத்தில். கொம்பியூட்டர் ஓட்டுநர்களின் திறனை 0 இலிருந்து 110 வரை நகர்த்தலாம். வெயிலில் எனக்குச் சரிவரும் எண்ணை அப்படியே வைத்து மழையில் ஓடினால், மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் அவர்கள் சில்லே சுழலாமல் பாய்ந்து போகிறார்கள். சில்லு வீணாகச் சுழலாமல் தடுக்கும் ட்ரக்ஷன் கொன்ட்ரோல் இல்லாமல் ஓடுகிறவன் அங்கே அக்ஸிலரேட்டரை முட்டை மிதிப்பது போலத்தான் மிதிக்க வேண்டும். இப்போது மழை என்று தெரிந்தால் அந்த எண்ணில் பத்து அளவு குறைத்துவிடுகிறேன். அதன் பிறகு ரேஸ் ரேஸாக இருக்கிறது.

அரை ஈரத்துக்கான பச்சைக் கோட்டு இன்டர்மீடியட் ரயரா, நீலக் கோட்டு முழு மழை ரயரா என்று முடிவெடுக்கும் பதற்றத்தை இந்தக் கேம் நன்றாகத் தருகிறது. நிஜத்தில் எஃப்1 கார்களுக்கு ரயர் கொடுக்கும் பிரெல்லியின் முழு மழை ரயர் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செக்கனுக்கு 85 லீட்டர் தண்ணீரை ஒதுக்கும், இன்டர்மீடியட் 30 லீட்டர். தவறான நேரத்தில் மாற்றினால் என்னாகும் என்பதற்கு இந்த இரண்டு எண்ணும் போதும். ரேஸை நடுவில் நிறுத்திச் சேமித்து வைக்கவும் முடியும். மழைக்குக் கறன்ட் போகும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால் சேமிக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கும்.

கிரான் டூரிஸ்மோ 7 பற்றி அதிகம் சொல்ல இல்லை. மழை ரேடாரும், தடம் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோலும் அருமை. ஆனால் பெரும்பாலான ரேஸ்களில் நம்மைக் கடைசியில் விட்டு, முதல் காரை எங்கோ தூரத்தில் ஓடவிட்டுத் துரத்தச் சொல்கிறார்கள். அதில் நியாயம் அநியாயம் பேசுவதற்கு ரேஸே இல்லை. தானே ஓடி ஓடிப் பழகிய சோஃபி என்ற ஏஐ ஓட்டுநரின் திறமை பற்றி 2022இல் நேச்சர் ஆய்விதழில் கட்டுரையே வந்தது. அடுத்த ஆண்டு அதைக் கேமுக்குள்ளும் கொண்டுவந்தார்கள், பிஎஸ்5 இல் மட்டும். வவுனியாவில் மச்சான் வீட்டில் அதோடு ஓடியிருக்கிறேன். இடிக்காமல் இடம் விட்டு ஓடுகிறது. பிஎஸ்4 காரனுக்குப் பெருமூச்சுத்தான்.

கடைசியில் நான் தங்கிய இடம் அசெட்டோ கோர்ஸா கொம்பெடிட்சியோனே. 2019 மே மாதம் முழுப் பதிப்பு வந்தது, ஜிடி3 என்ற வகை ரேஸ் கார்கள்தான் முக்கியம். மேகம், மழை, காலநிலை எவ்வளவு மாறலாம் என்று எல்லாவற்றையும் நாமே வைக்கலாம். எதிராளியின் திறன் ஒரு எண், மூர்க்கம் வேறு எண். மழை ரயரின் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐ அளவில் பிடித்து, ட்ரக்ஷன் கொன்ட்ரோலையும் ஏபிஎஸ்ஸையும் ஓடிக்கொண்டே மாற்றிப் பழகிவிட்டால், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் கொட்டும் மழையிலும் சண்டை பிடிக்கலாம். இங்கே கொம்பியூட்டர் கார்களும் முன்கூட்டியே பிறேக் பிடிக்கின்றன, சில நேரம் வழுக்கிப் புல்லுக்குள் போகின்றன. கடும் மழையில் என்னைவிட வேகம்தான். ஆனால் அந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பின்னால் விட்ட கார் திடீரென்று முதுகில் வந்து ஒட்டும் மாயம் இல்லை. தோற்றாலும் கோபம் வருவதில்லை.

குறை இல்லாமலும் இல்லை. தடம் காயத் தொடங்கியதும் நிஜ ஓட்டுநர்கள் மழை ரயரைக் குளிர வைக்க நேர்ப் பாதையில் வேண்டுமென்றே ஈரமான பக்கத்தில் ஓடுவார்கள். என்னோடு ஓடிய கொம்பியூட்டர் கார்கள் அதைச் செய்ததை நான் காணவில்லை. வெயிலில் பிடித்த அதே கோடு, அதே இடத்தில் திருப்பம்.

அந்தக் கோடுதான் மழையில் எதிரி. வெயிலில் எல்லோரும் ஓடி ரயர் இறப்பர் படிந்த பாதை, நனைந்தால் பளிங்கு. வளைவில் ஒரு கார் அகலம் வெளியே தள்ளி ஓட வேண்டும், வர்ணம் பூசிய ஓரக்கட்டையில் ஏறக்கூடாது, ஒரு கியர் கூட்டி வைத்து இயந்திரத்தின் இழுவையை அடக்க வேண்டும். மாரியில் கிறவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற எங்கள் பெடியளுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. முதல் தூறலுக்கு ஏ9 வீதியில் தூசியும் எண்ணெயும் கிளம்பி வழுக்குவதும் தெரியும், மாங்குளம் தாண்டினால் இருட்டில் கட்டாக்காலி மாடு படுத்திருக்கும் என்பதும் தெரியும். அந்த மாட்டை எந்தக் கேமும் இன்னும் வைக்கவில்லை.

வாங்குவதானால்: ப்ரொஜெக்ட் கார்ஸ் 2 ஐ 2022 செப்டெம்பரில் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய டிஸ்க் கிடைத்தால் தனியே மழையில் ஓட வாங்குங்கள், போட்டிக்கு வேண்டாம். கொன்ட்ரோலர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எஃப்1 2020. ஸ்டியரிங்கும் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் கொம்பெடிட்சியோனே, அதுவும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை இறங்கும்போது. எதை வாங்கினாலும் முதல் மழை ரேஸ் முடிந்ததும் ரீப்ளேயைப் போட்டு, முன்னால் போன கார் குட்டைக்குள் எப்படிப் போகிறது என்று ஒருக்கால் பாருங்கள்.